விமானம் கட்டுகிறவருக்குப் பகலில் என்ன வேலை?

வீட்டிலேயே விமானம் கட்டிய ஒருத்தரைப் பற்றிச் செய்தி வந்தால் போதும், கீழே வரிசையாக ஒரே கேள்வி: "என்ன படிச்சிருக்காரு?" ஏரோநாட்டிக்கல் என்று பதில் வந்தால் "அதானே பார்த்தேன்". ஏழாவது என்று வந்தால் "வெளிநாடா இருந்தா இவரைத் தலையில தூக்கி வச்சிருப்பான்". அத்தோடு ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். படிப்பை விட்டுவிட்டு, மனுசன் பகலில் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த விமானத்தில் எந்த மூலை சுத்தமாக இருக்கும், கோளாறு எந்த மூலையில் ஒளிந்திருக்கும் என்பதை அந்த வேலையே சொல்லிவிடும்.

ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1903-இல் பறந்த அவர்களுடைய விமானத்தில் ஒரு இஞ்சின், இரண்டு புரொப்பெல்லர், நடுவில் சங்கிலியும் பல்சக்கரமும். இரண்டு புரொப்பெல்லரும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு பக்கத்துச் சங்கிலியை எட்டு போலக் குறுக்கே திருப்பி மாட்டினார்கள். சைக்கிளில் கை ஊறியவனுக்குத்தான் இது தோன்றும். இஞ்சினைச் செய்தவர் அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர். 1909-இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளேரியோ, கார் விளக்கு வியாபாரத்தில் சம்பாதித்ததை விமானத்தில் கொட்டியவர். ஃபோர்டு மாடல் ஏ கார் இஞ்சினை மரச்சட்ட விமானத்தில் ஏற்றிப் பறந்த அமெரிக்கர் பெர்னார்ட் பீட்டன்பாலுக்கு ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பது பிழைப்பு.

அவ்வளவு தூரம் போவானேன்? 1910-இல் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர், தானே வடிவமைத்த விமானத்தை சிம்சன் கம்பெனியில் கட்டவைத்துப் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். சிம்சன் அந்தக் காலத்தில் கோச்சு வண்டி கட்டிப் பெயரெடுத்த கம்பெனி. ஹோட்டல்காரர் மூளை, வண்டிப் பட்டறைக் கை. நம் காலத்தில் மும்பை காந்திவலியில் மொட்டைமாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டிய அமோல் யாதவ், பயணிகள் விமானம் ஓட்டிய பைலட். சின்ன விமானம் ஒன்றைக் கட்டிய கேரளத்து சஜி தாமஸ் காது கேளாத, வாய் பேசாத எலக்ட்ரிக்கல் மெக்கானிக்.

என் கருத்து இதுதான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் விமானம் கட்டத் தேவையான எல்லாக் கைகளும் இருக்கின்றன. ஆனால் வேலை தெரியாதவனைவிட, பக்கத்து வேலை தெரிந்தவன்தான் விமானத்தைக் கெடுப்பான். ஒவ்வொரு தொழிலிலும் கைக்குப் பழகிப்போன ஒரு வழக்கம் இருக்கும். அதை மறந்துவிட்டுத்தான் விமானத்தில் கை வைக்க வேண்டும்.

பைபர் படகை எடுத்துக்கொள்வோம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து பைபர் படகு பெருகியது. அச்சுக்கு மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்ற மேல்பூச்சு அடித்து, கண்ணாடி இழை மேட்டை விரித்து, இறுகிக் கெட்டியாகும் ரெசினை ஊற்றி ரோலர் ஓட்டுகிற ஆட்கள் கரை நெடுக இருக்கிறார்கள். அமெரிக்கர் பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங் ஈசி மாதிரியான விமானமும் கண்ணாடி இழையும் ரெசினும்தான். அச்சு மட்டும் கிடையாது. ஃபோம் கட்டையின் இரண்டு முனையிலும் இறக்கை வடிவத்தில் ஒரு பலகையை அடித்து, சூடேறிய கம்பியை அதன் மேல் இழுத்து வெட்டி, மேலே இழைத்துணியைப் போர்த்துகிறார்கள். "இதுதானே, நாம பார்க்காததா" என்று படகுக்காரர் இறங்கினால் மூன்று இடத்தில் மாட்டுவார்.

முதலாவது ரெசின். படகுக்கு பாலியஸ்டர். அதில் இருக்கும் ஸ்டைரீன், இறக்கைக்கு வெட்டி வைத்த பாலிஸ்டைரீன் ஃபோமைக் கரைத்துத் தின்றுவிடும். கண்ணெதிரே இறக்கை குழிந்து போகும். இங்கே எபாக்ஸிதான் போட வேண்டும்.

இரண்டாவது, ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் ஹார்டனர். பாலியஸ்டரில் அது வேலையைத் தூண்டிவிடுகிற சரக்கு. நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு போதும். வெயில் காலத்தில் குறைத்து, மழைக்காலத்தில் கூட்டி, மூடியால் அளந்து ஊற்றுவது பட்டறை வழக்கம். எபாக்ஸியில் ஹார்டனர் என்பது இறுகி வரும் பிளாஸ்டிக்கிலேயே ஒரு பங்கு. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் முழுசாக இறுகவே இறுகாது, ஒரு மாதம் கழித்தும் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். டப்பாவில் போட்டிருக்கும் எடை விகிதத்தைத் தராசில் வைத்துக் கிராம் கணக்கில் எடுப்பது ஒன்றே வழி. மே மாதக் கடலூர் வெயிலில் வேகமாகக் கெட்டியாகிறது என்றால் மெதுவாக இறுகும் ஹார்டனரை வாங்க வேண்டும், விகிதத்தில் கை வைக்கக் கூடாது. சின்னச் சின்ன அளவாகக் கலக்கி, உடனே அகலத் தட்டில் ஊற்றிவிட வேண்டும். குவளையில் விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும்.

மூன்றாவது, ரெசினின் அளவு. மேட் வேலையில் ஒரு கிலோ இழைக்கு இரண்டு, இரண்டரை கிலோ ரெசின் குடிக்கும். படகுக்கு அது நல்லது, தண்ணீர் புகாது. விமானத்தில் ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. பலம் இழையில் இருக்கிறது, மிச்ச ரெசின் வெறும் சுமை. ரப்பர் பட்டையால் இழுத்து இழுத்துத் தள்ள வேண்டும். துணியின் நெசவு தெரிய வேண்டும், மேலே பளபளப்பு தேங்கக் கூடாது, வெள்ளைப் புள்ளியும் இருக்கக் கூடாது. பளபளப்பு என்றால் அதிகம், வெள்ளை என்றால் உள்ளே காற்று. படகுப் பட்டறையில் "நல்லா குடிக்கட்டும்" என்று சொல்லி வளர்ந்த கைக்கு இது லேசில் வராது. அங்கே பளபளப்புதான் வேலை சுத்தம் என்பதற்கு அடையாளம்.

காற்றில் ஈரம் அதிகமுள்ள நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில எபாக்ஸிகள் இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு படியும். அதன் மேலேயே அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டாது. வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்ட பிறகுதான் அடுத்த அடுக்கு.

கரையோரத்தில் யாரும் கவனிக்காத திறமை ஒன்று இருக்கிறது, வலை முடிச்சு. துணி போர்த்திய விமானத்தில் இறக்கையின் மேல்துணியும் கீழ்துணியும் உள்ளே இருக்கும் விலாச் சட்டத்தோடு சேர்த்து நூலால் தைக்கப்படுகின்றன. மேலே பறக்கையில் துணியைக் காற்று மேல்பக்கம் உறிஞ்சும். தையல் இல்லாவிட்டால் துணி உப்பி, இறக்கையின் வடிவம் போய்விடும். இந்தத் தையலுக்கு அமெரிக்க விமானத்துறைக் கையேடு சொல்லும் முடிச்சின் பெயர் 'சீன்' முடிச்சு. சீன் என்றால் வளைத்து இழுக்கிற மீன்வலை! வலைக்காரர்களிடமிருந்து விமானத்துக்குப் போன முடிச்சு அது. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ மணலில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர் கையில் அதன் நெருங்கிய சொந்தக்காரன் இருக்கிறான்.

வலைக்காரர் மறக்க வேண்டியது என்ன? முடிச்சு விழும் இடம். வலையில் அது கண்ணியின் மூலையில் விழும், வெளியே துருத்தினாலும் கேட்பாரில்லை. இறக்கையில் விலாவின் மேல் ஒட்டிய பட்டையின் ஓரத்தில்தான் முடிச்சு உட்கார வேண்டும், பட்டையின் மேல் ஏறக் கூடாது. இடைவெளியும் நம் இஷ்டத்துக்கு இல்லை. விமானத்தின் வேகத்தைப் பொறுத்து வரைபடத்தில் கொடுத்திருப்பார்கள். புரொப்பெல்லர் காற்று நேரே அடிக்கும் உட்பக்க விலாக்களில் தையல் நெருக்கமாக வரும். ஊசி நேரான நீள ஊசி. மேலிருந்து ஒருவர் இறக்க, கீழே ஒருவர் வாங்கித் திருப்பி அனுப்புவார்.

அந்தத் துணியை இறுக்குவது டெய்லர் வேலை. பாலியஸ்டர் துணியை ஒட்டிய பிறகு இஸ்திரிப் பெட்டியால் மூன்று சுற்று சுருக்க வேண்டும்: முதலில் 121 டிகிரி செல்சியஸ், பிறகு 149, கடைசியில் 177. கடைக்காரர் பெட்டியில் இருக்கும் 'காட்டன்', 'சில்க்' குறியை நம்பினால் கெட்டது. தெர்மாமீட்டர் வைத்துக் குறி போட்டுக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் முழுச் சூட்டில் ஒரே பக்கம் தேய்த்தால் துணி இழுக்கிற இழுப்பில் இறக்கையின் பின்விளிம்பு வளைந்துவிடும். 177-க்கு மேல் போகப் போகத் துணி தளர்ந்துபோகும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் இறுகாது.

நெய்வேலி பக்கத்து வெல்டர்கள் பாய்லர் பைப்பில் புலிகள். தடித்த சுவரில் பழகிய அந்தக் கைக்கு விமானத்தின் 4130 குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உருக்கு) குழாய் 0.9 மில்லிமீட்டர் சுவர்தான். கொஞ்சம் நின்றால் ஓட்டை. அதைவிட மோசம், ஆறட்டும் என்று தண்ணீரில் தோய்ப்பது. இந்த உருக்கு திடீரென்று குளிர்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். ஃபேன் காற்றுகூட ஆகாது, அசையாத காற்றில் தானாக ஆற வேண்டும்.

தச்சரிடம் ஒரே வார்த்தை: வெள்ளைப் பசை வேண்டாம், பாரம் தொடர்ந்து ஏறினால் அது மெல்ல மெல்ல நழுவும். ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் மழமழப்பாக்காமல் இழைப்புளியோடு நிறுத்துங்கள், கிளாம்பை மரம் கத்துகிற அளவுக்கு முறுக்காதீர்கள். பசை முழுக்க வெளியே வந்துவிட்டால் உள்ளே ஒட்டுவதற்கு என்ன மிச்சம்?

டூவீலர் மெக்கானிக்கின் கோளாறு ஸ்பேனரில். 'கை அளவு' என்று ஒன்று வைத்திருப்பார். அது பைக் போல்ட்டுக்குப் பழகிய அளவு. விமானத்தில் அதிகம் வரும் 3/16 அங்குல போல்ட்டுக்கு இறுக்கம் 20 முதல் 25 அங்குல பவுண்டு, அதாவது மூன்று நியூட்டன் மீட்டர்கூட இல்லை. அவர் கைக்கு அது லூசாகவே தெரியும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையை நம்பாதே என்று சொல்ல வேண்டும், கோபப்பட்டாலும் பரவாயில்லை.

டிங்கர் வேலைக்காரர் ரிவெட்டுக்கு வந்தால் சுத்தியலை வெறுமனே வைத்திருக்கமாட்டார். 1/8 அங்குல ரிவெட் அடித்து முடித்ததும் மறுபக்கத் தலை 4.8 மில்லிமீட்டர் அகலம், 1.6 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். சாய்ந்து போனதை மறுபடி தட்டி நேராக்கப் பார்த்தால் அலுமினியம் இறுகி ஓரத்தில் வெடிக்கும். சாய்ந்ததைத் துளையிட்டு எடுத்து வேறு போடுவதுதான் முறை. துளை அகலமாகிவிடக் கூடாது என்பதற்காக ரிவெட்டின் தலை ஆழத்துக்கு மட்டும் துளையிட்டு, தலையை ஒடித்துவிட்டுத் தண்டைத் தட்டி எடுப்பார்கள். இதைச் சலிக்காமல் செய்கிறவர்கள் யார் என்று பார்த்தால் பேங்க் ஊழியர், பல் டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார். மறப்பதற்கு அவர்கள் கையில் பழைய வழக்கம் எதுவும் இல்லை, புத்தகத்தில் இருக்கிறபடி செய்கிறார்கள். பாகங்களாக வாங்கி நாமே சேர்க்கிற, இரண்டு பேர் உட்காரும் ஒரு அலுமினிய கிட் விமானத்தில் பத்தாயிரத்துக்கு மேல் ரிவெட். வேலை நேரம் 1,500, 2,000 மணி என்று ஓடும். வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினால் மூன்று, நான்கு வருஷம். கைத்திறமையைவிட மாதச் சம்பளமும் நிலையான ஞாயிற்றுக்கிழமையும்தான் விமானத்தை முடிக்கின்றன என்பது எனக்கே பிடிக்காத உண்மை.

படித்த இஞ்சினியர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர்களுடைய வியாதி 'இம்ப்ரூவ்' பண்ணுவது. 1997-இல் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் இறந்தது ஒரு லாங் ஈசியில். அதைக் கட்டியவர் அவர் இல்லை, வாங்கி ஓட்டியவர். மூல வரைபடத்தில் பெட்ரோல் டாங்க்கை மாற்றும் வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். அதைத் திருப்ப முயன்றபோதுதான் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்றது விசாரணை. வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்த விரும்புகிற ஒவ்வொருவரும் அந்த விபத்தறிக்கையைப் படித்துவிட்டு நகர்த்தட்டும்.

ஆகவே தனி ஒரு மேதையைத் தேடாமல் ஐந்தாறு தொழில்காரர்கள் சேர்ந்து ஒரு விமானம் கட்டலாம். ஒரே நிபந்தனை: ஒருவர் வேலையை அதே தொழில்காரர் சோதிக்கக் கூடாது. பைபர்காரர் கலக்கும்போது தராசு பேங்க்காரர் கையில் இருக்கட்டும். மெக்கானிக் முடுக்கிய போல்ட்டில் டெய்லர் டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்துச் சிவப்பு மையால் கோடு போடட்டும். "எனக்குத் தெரியும், விடு" என்ற வார்த்தை பட்டறைக்குள் வரக் கூடாது.

சொந்த வடிவமைப்பு என்றால் கடைசியாக இன்னொரு தொழில்காரரும் வேண்டும். மொத்த எடை 500 கிலோ உள்ள விமானம் 3.8 மடங்கு பாரம் தாங்க வேண்டும், அதைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றினாலும் உடையாமல் நிற்க வேண்டும். பெருக்கினால் 2,850 கிலோ. இறக்கையின் சொந்த எடைக்கான பங்கைக் கழிப்பதற்கு முன் கணக்கு இது: 25 கிலோ மூட்டை 114. விமானத்தைக் கவிழ்த்துப் போட்டு, இறக்கையின் அடிப்பக்கத்தில் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். இரண்டு இறக்கையிலும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். உடம்போடு சேரும் இடத்தில் அதிகம், நுனிக்குப் போகப் போகக் குறைவு. முக்கியமாக, மூட்டையைப் போடக் கூடாது, வைக்க வேண்டும். ஒரு முழ உயரத்திலிருந்து விழுகிற மூட்டை தன் எடையைப் போலப் பல மடங்கு அடிக்கும், நல்ல இறக்கையும் முறியும். அரிசி மண்டியில் முதுகிலிருந்து சத்தமில்லாமல் மூட்டையை இறக்கத் தெரிந்த நாலு பேரைக் கூப்பிடுங்கள். கூலியை முன்னாடியே பேசிவிடுங்கள், ஏற்றிய 114-ஐயும் இறக்கவும் வேண்டும்.