சிறுவர் கொயரை ஒலிபெருக்கி வழியே கேட்காதீர்கள்

மேற்கத்திய செவ்வியல் இசையைக் கூட்டாகப் பாடும் குழுக்களான சிறுவர் கொயர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "குட்டி தேவதைகள் மாதிரி எவ்வளவு அழகாக நிற்கிறார்கள்!" என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். பத்து வயதுப் பையன் ஒருவன், எட்டுக் குரல்கள் பின்னிப் பிணையும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மோட்டட் என்னும் சமயக் கூட்டுப்பாடலில் தன் வரியை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறான் என்றால், அது தேர்ந்த தொழில்முறை வேலை. அதை அப்படித்தான் கேட்க வேண்டும். எந்தக் கட்டடம், எந்த இருக்கை, எந்த மாதம் என்பது வரை யோசித்து டிக்கெட் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், "சிறுவர் கொயர்" என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வேறுவேறு ஒலிகள் இருக்கின்றன. வியன்னா சிறுவர் கொயர் ஒரு வகை. 1498-இல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் அரசவைக்காக ஏற்படுத்திய குழுவின் வழிவந்தது. இன்றைய அமைப்பு 1924-இல் உருவானது. ஏறக்குறைய நூறு பையன்கள், நான்கு குழுக்கள். ப்ரூக்னர், ஹைடன், மொசார்ட், ஷூபர்ட் என்று இசையமைப்பாளர்களின் பெயர். சுற்றுப்பயணத்தில் சுமார் 25 பேர் மேடையேறுவார்கள். நடத்துபவர் பெரும்பாலும் பியானோவில் உட்கார்ந்தபடியே நடத்துவார். எல்லாம் மகரக்கட்டு உடையாத குரல்கள். வளர்ந்த ஆண்களின் கீழ்க்குரல்களான டெனரும் பாஸும் இல்லாததால் ஒலி பளிச்சென்று, லேசாக இருக்கும். அடித்தளத்தைப் பியானோதான் தரும்.

ஜெர்மன் மரபு வேறு. லைப்சிக்கின் தோமானர் கொயர் 1212-இல் தொடங்கியது. 1723 முதல் 1750 வரை அதைப் பயிற்றுவித்தவர் பாக். ட்ரெஸ்டனின் க்ரொய்ட்ஸ் கொயர், 975-ஆம் ஆண்டு வரை வரலாறு நீளும் ரேகன்ஸ்பர்க் பேராலயக் குழு ஆகியவையும் இந்த வகைதான். குரல் உடைந்த மூத்த மாணவர்கள் அங்கேயே தொடர்ந்து டெனரும் பாஸும் பாடுகிறார்கள். ஒன்பது வயதுப் பையனும் பதினெட்டு வயது இளைஞனும் ஒரே பள்ளியில், ஒரே உச்சரிப்பில் வளர்ந்தவர்கள் என்பதால் மேலிருந்து கீழ்வரை ஒலி ஒரே நிறத்தில் இருக்கும். பாஸ் மட்டும் கொஞ்சம் இளசாகக் கேட்கும்.

மூன்றாவது இங்கிலாந்து மரபு. 1441-இல் நிறுவப்பட்ட கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் மேல்குரலுக்கு 16 சிறுவர்கள். கீழே கல்லூரி மாணவர்கள். பேராலயங்களில் அந்த இடத்தில் சம்பளம் பெறும் பாடகர்கள் இருப்பார்கள். மேல்குரலுக்கு அடுத்த ஆல்ட்டோ வரியைக்கூடப் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள், பெண்குரலின் உயரத்தில் பாடும் கவுண்டர்டெனர் குரலில் பாடுவார்கள். சிறுவர் குரலின் கூர்மை தனித்துத் தெரிவது இங்கேதான். கனமான பாஸ் வேண்டும் என்பவர் வியன்னாக் குழுவின் கச்சேரிக்குப் போய்விட்டு "ஏதோ குறைகிறதே" என்று சொன்னால், குறை குழுவினுடையது அல்ல.

இனி ஒலிபெருக்கி விஷயம். சிறுவர் மேல்குரல் பொதுவாக நடு ஸ்தாயியின் ஸி என்னும் ஸ்வரத்தில் (சுமார் 262 ஹெர்ட்ஸ்) தொடங்கி மேலே ஏ வரை (880 ஹெர்ட்ஸ்) போகும். உச்ச ஸி-யைத் தொட்டால் 1047. அந்தக் குரலின் பிரகாசம் அதற்கும் மேலே ஒலிக்கும் துணை அதிர்வுகளில் இருக்கிறது. 25 குரல்கள் ஒரே குரலாகக் குழைவது மேடையில் அல்ல, மேடைக்கும் உங்கள் காதுக்கும் நடுவிலுள்ள காற்றிலும் சுவரிலும். ஒலிவாங்கியை முகத்தருகே வைத்தால் குழைவதற்கு முன்பே குரல்களைப் பிடித்துவிடும். மூச்சுச் சத்தம் கேட்கும், சத்தமாகப் பாடும் இரண்டு பையன்கள் மற்றவர்களை மூடிவிடுவார்கள், ஒலி வருகிற திசையும் பையன்கள் நிற்கும் திசையும் பொருந்தாது. திறந்தவெளி மேடையோ விளையாட்டரங்கமோ என்றால் பெருக்கி இல்லாமல் நடக்காது; அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். அரங்கத்துக்கு முன்கூட்டியே எழுதி, "பெருக்கி இல்லாமல் பாடுவார்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. மேலே தொங்கும் மைக் பதிவுக்காக மட்டுமே இருக்கலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

நல்ல கச்சேரி அரங்கில் ஒலி அடங்க ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகும். பெரிய கற்பேராலயத்தில் ஐந்து விநாடியும் அதற்கு மேலும் ஆகலாம். இருக்கையைத் தேர்ந்தெடுப்பதே இந்தக் கணக்கை வைத்துத்தான். அரங்கம் என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டாம் வரிசை, அல்லது முதல் மாடத்தின் முன்வரிசை. முதல் இரண்டு வரிசைகளில் தனித்தனிப் பையன்கள் கேட்பார்கள், குழு கேட்காது. மாடத்தின் கூரைக்கு அடியில் தள்ளி இருக்கும் கடைசி வரிசைகளை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். மேல்குரல்களின் ஒளி அங்கே வந்து சேராது. தேவாலயம் என்றால் இன்னும் கிட்டே போக வேண்டும். பாதி நீளத்துக்கு அப்பால் நேரே வரும் ஒலியை எதிரொலி விழுங்கிவிடும். மெட்டு கேட்கும், சொல் கேட்காது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அதுவும் இல்லை.

சில இடங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. கிங்ஸ் கல்லூரித் தேவாலயம் 88 மீட்டர் நீளம், 12 மீட்டர்தான் அகலம், 24 மீட்டர் உயரம். நடுவே மரத்தடுப்பு, அதன் மேல் ஆர்கன். கொயர் தடுப்புக்குக் கிழக்கே இரு அணிகளாக எதிரெதிரே நிற்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கும் அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கிடைப்பது ஒரே நிகழ்ச்சி அல்ல. லைப்சிக் தோமஸ் தேவாலயத்தில் கொயர் மேற்குப் பக்க மேல்மாடத்தில், ஆர்கனுக்கு முன்னால் நிற்கும். பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் பாட்டு முதுகுப் பக்கத்திலிருந்து வரும். அது இசைக்குக் கெடுதல் இல்லை, முகம் பார்க்க வந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம். வியன்னா ஹோஃப்பர்க் அரண்மனைச் சிற்றாலயத்திலும் அப்படித்தான். ஞாயிறு திருப்பலியில் பையன்கள் மேலே, பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பாடுவார்கள். முடிவில் கீழே இறங்கி வந்து ஒரு பாடல் பாடுவது வழக்கம்.

கச்சேரி அரங்கை விட வழிபாட்டில்தான் இந்தக் குழுக்களின் முழுத் தரம் தெரியும் என்று நினைக்கிறேன். அவர்களுடைய அன்றாட வேலை அதுதான். சுற்றுப்பயண நிகழ்ச்சியில் இரண்டாம் பாதி பெரும்பாலும் நாட்டுப்பாடலும் வால்ட்ஸ் நடன இசையுமாகப் போய்விடும். இங்கிலாந்தின் ஈவன்சாங் என்னும் மாலை வழிபாடு சுமார் முக்கால் மணி நேரம், கட்டணம் கிடையாது, எந்த மதத்தவரும் போகலாம், மற்றவர்கள் எழும்போது எழுந்தால் போதும். லைப்சிக்கில் பள்ளி நாட்களில் வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி பிற்பகல் 3 மணிக்கும் மோட்டட் வழிபாடு. சனிக்கிழமை பாக்கின் கண்டாட்டாவுக்கு (வாத்தியக் குழுவோடு பாடும் பல பகுதிப் படைப்பு) வாய்ப்பு அதிகம். ரேகன்ஸ்பர்க்கில் ஞாயிறு காலை 10 மணித் திருப்பலி. அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பள்ளி விடுமுறையிலும் கல்லூரி விடுமுறையிலும் வேறு குழு பாடும்; இங்கிலாந்தில் வாரத்தில் ஒரு நாள் சிறுவர்களே இல்லாமல் கீழ்க்குரல்கள் மட்டும் பாடும் இடங்களும் உண்டு. பயணத்தைத் திட்டமிட்டுவிட்டு இதைப் பார்க்காமல் போய் நிற்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

வழிபாட்டின் பாடல் பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்டான்ஃபோர்ட் (இசையமைப்பாளர்), ஜி மேஜர் (ஸ்ருதி) என்று இருந்தால் மாக்னிஃபிகாட் என்னும் மரியாளின் பாடல் முழுவதும் ஒரு சிறுவனின் தனிக்குரல் மேலே மிதக்கும். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். இசையமைப்பாளர் ஹொவல்ஸின் கொலேஜியம் ரெகாலே என்றால் கிங்ஸ் தேவாலயத்துக்கென்றே எழுதிய இசை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் என்றால் பல இடங்களில் அலெக்ரி இசையமைத்த மிசெரேரே என்னும் மன்னிப்பு வேண்டும் பாடல். ஐந்து குரல் குழு ஒரு பக்கம், நான்கு பேர் தொலைவில், நடுவே வெறும் ஒற்றை மெட்டு. வழக்கமாகப் பாடும் வடிவத்தில் உச்ச ஸி ஐந்து முறை வரும். முதல் தடவை சுத்தமாக வந்ததை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நான்காவது, ஐந்தாவது தடவைகளில் ஸ்ருதி நிற்கிறதா என்பதில்தான் பயிற்சி தெரியும்.

கச்சேரிகளில் பெஞ்சமின் பிரிட்டன் என்னும் இசையமைப்பாளரின் செரிமனி ஆஃப் கேரல்ஸ் வந்தால் கொஞ்சம் முன்னால் உட்காருங்கள். மூன்று மேல்குரல் பிரிவுகள், துணைக்கு ஹார்ப் ஒன்று மட்டும். ஹார்ப்பின் சத்தம் தூரம் தாங்காது. தொடக்கத்தில் பையன்கள் பாடிக்கொண்டே நடந்து வருவார்கள், முடிவில் அப்படியே வெளியேறுவார்கள். நடைபாதையில் பையை வைக்காதீர்கள். நடுவில் மிக வேகமான ஒரு பகுதியில் ஒரே மெட்டை மூன்று பிரிவுகளும் ஒரு தாளத் தட்டு இடைவெளியில் துரத்திக்கொண்டு பாடும். அதிக எதிரொலியுள்ள இடத்தில் பின்னால் இருந்தால் அது வெறும் இரைச்சலாகிவிடும். பாக்கின் இரட்டைக் கொயர் மோட்டட் என்றால் அரங்கின் நடுக்கோட்டில் இருங்கள். இரு அணிகளும் பாட்டைக் கைமாற்றிக்கொள்வது ஓரத்தில் தெரியாது.

பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்புகளில் சிறுவர்களுக்காக மட்டும் டிக்கெட் எடுப்பவர்கள் கவனிக்க: மாலரின் மூன்றாம் சிம்ஃபனியில் அவர்கள் பாடுவது ஐந்தாம் பகுதியில், சுமார் நான்கு நிமிடம், அதற்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பார்கள். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் மத்தேயு பாஷனில் அவர்களுக்கு உரிய தனி மேல்குரல் வரி முதல் பாதியில்தான். அதன் தொடக்கத்துக்குத் தாமதமாகப் போனால் அந்த மாலையின் முக்கியக் கணமே போய்விடும்.

தரத்தை எப்படி எடைபோடுவது? வரியின் கடைசியில் வரும் "ஸ்" ஒலியைக் கேளுங்கள். நல்ல குழுவில் எல்லோரும் ஒரே கணத்தில் விடுவார்கள். சுமாரான குழுவில் பாம்பு சீறுவது போல் இழுபடும். நீண்ட வரியில் மூச்சு எங்கே வாங்குகிறார்கள் என்று தெரியக்கூடாது. சின்ன நுரையீரல்தான், ஆகவே ஆள் மாற்றி ஆள் வாங்க வேண்டும். துணைக்கருவி இல்லாத பாடலில் ஸ்ருதி இறங்குவது அடிக்கடி நடக்கும். களைப்பு, காற்றோட்டமில்லாத அரங்கம், இறங்கும் ஸ்வரங்களைத் தேவைக்கு மேல் தாழ்த்திப் பாடுவது, எல்லாம் காரணம். அது தெரிந்து நடத்துபவர் சில சமயம் அரை ஸ்வரம் உயர்த்தியே தொடக்க ஸ்ருதி கொடுப்பார்.

இடையில் ஒரு பையன் உட்கார்ந்துவிட்டாலோ வெளியே போனாலோ பதறாதீர்கள். முழங்காலை விறைப்பாக வைத்து வெகுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும். தலை சுற்றினால் உடனே உட்காரவோ வெளியேறவோ சொல்லித்தான் பழக்கியிருப்பார்கள். அறிவித்த தனிப்பாடல் மாறினாலும் கோபிக்க வேண்டாம். சளி பிடிக்கலாம், அல்லது அந்த மாதம் மகரக்கட்டு உடையத் தொடங்கியிருக்கலாம். கிங்ஸ் கல்லூரியில் டிசம்பர் 24-ஆம் தேதி நடக்கும் ஒன்பது வாசகங்கள் வழிபாட்டில், துணையில்லாமல் முதல் வரிகளைப் பாடப்போகும் சிறுவன் யார் என்பதைக் கடைசிக் கணத்தில்தான் காட்டுவார்கள் என்பது பிரசித்தம். 1928 முதல் வானொலியில் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சி அது. பயம் ஏற நேரம் கொடுக்காத அந்த முறை புத்திசாலித்தனமானது.

கைபேசி வேண்டாம். அவர்கள் சிறுபிள்ளைகள், படமெடுக்க நமக்கு உரிமை இல்லை. அதோடு, இருட்டில் ஒளிரும் திரை நடத்துபவரைப் பார்க்க வேண்டிய கண்களை இழுக்கும். வழிபாட்டில் கைதட்டக் கூடாது. கச்சேரியில் கடைசி எதிரொலி அடங்கும்வரை பொறுங்கள். வியன்னாவின் ஒவ்வொரு குழுவும் பள்ளி ஆண்டில் 9 முதல் 11 வாரம் பயணத்தில் இருக்கிறது. இரவு நேரத்தில் மூன்றாவது நான்காவது உபரிப் பாடல் கேட்டுத் தட்டிக்கொண்டே இருப்பது நியாயமில்லை.

பெண்பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றிய சண்டையில் என் நிலை எளிது. சாலிஸ்பரி பேராலயம் 1991-இலேயே சிறுமியர் குழுவைத் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 2022-இல் சிறுமிகளைச் சேர்த்தது. இசை அதனால் கெட்டுவிடவில்லை. சிறுவர் குழுவை மட்டும் தனியாகத் தேடிக் கேட்கவேண்டிய காரணம் வேறு: அந்தக் குரலுக்குக் காலக்கெடு இருக்கிறது. உடைவதற்குச் சற்று முந்தைய மாதங்களில்தான் அது மிக நிறைவாக ஒலிக்கும் என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்வார்கள். பாக் காலத்தில் அது பதினாறு பதினேழு வயதுவரைகூட நீடித்ததுண்டு. இப்போது பதிமூன்றிலேயே முடிந்துவிடலாம்.

அதனால்தான் மாதம் முக்கியம். இந்தப் பள்ளிகளில் ஆண்டு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். மூத்த மேல்குரல்கள் போயிருக்கும், புதியவர்கள் இன்னும் பார்த்துப் பார்த்துப் பாடுவார்கள். ஒலி மெலிதாக இருக்கும். டிசம்பரில் குழு கூடிவிடும், ஆனால் சளிக்காலம், கூட்டமும் அதிகம். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் மே, ஜூன் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஆண்டின் மூத்த பையன்கள் எல்லோரும் இன்னும் வரிசையில் இருப்பார்கள்.