கேன்டீன் டிகிரியாம்!

பட்டமளிப்பு விழா வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், இனி அனுப்பாதீர்கள். நான் அந்த அரங்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் மகளும் அன்றைக்குக் கருப்பு அங்கி போட்டு மேடை ஏறியவள்.

சிறப்பு விருந்தினராக வந்த பெரியவர் தினமும் கல்லூரிக்கு வந்து படிப்பதன் அருமையைச் சொன்னார். நல்ல விஷயம், அதோடு நிறுத்தியிருக்கலாம். "பட்டாளத்துக்காரங்க வாங்குற கேன்டீன் டிகிரி மாதிரி இல்ல இது" என்று ஒரு வரி சேர்த்தார் பாருங்கள், அரங்கமே சிரித்தது. ராணுவ கேன்டீனில் சரக்கு வாங்குவது போலச் சுலபமாக வாங்கிய பட்டம் என்று கிண்டல். இத்தனைக்கும் இது வேலூர் மாவட்டம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று சொல்லிச் சொல்லியே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்று பெயர் வந்துவிட்டது. அப்பாக்கள் வரிசையில் எத்தனை முன்னாள் ராணுவத்தினர் இருந்திருப்பார்கள் என்று மைக் பிடிப்பதற்கு முன் ஒரு நொடி யோசித்திருக்க வேண்டாமா?

"சும்மா ஜோக்குங்க, விடுங்க" என்று சிலர் இன்பாக்ஸில் வந்து சொல்கிறார்கள். விடுகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சிப்பாயாகச் சேர்ந்தவர், ஹவில்தாராக ஓய்வு பெற்றார். நடுவில் இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், தொலைதூரக் கல்வியாக பி.ஏ. முடித்தார். இக்னோ 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், கேன்டீனில் ரம் பாட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்கும் சரக்கு கிடையாது. அசைன்மென்ட்டுக்கு முப்பது சதவீதம், தேர்வுக்கு எழுபது சதவீதம். ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று தேர்வு நடக்கும். டெல்லியில் ஏ.சி. அறையில் படித்தவனுக்கும் எல்லையில் ராத்திரி காவல் முடித்து வந்தவனுக்கும் அதே வினாத்தாள், அதே பாஸ் மார்க். மிலிட்டரிக்காரன் என்று அரை மார்க் கூடப் போட மாட்டார்கள். போட்டால் நானே போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

அவர் படித்த விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சிரியுங்கள். யூனிட் எப்போது எங்கே போகும் என்று தெரியாது, அதனால் புத்தகப் பார்சல் எங்கள் வீட்டு முகவரிக்கு வரும். நான் அதைப் பிரித்து, அவர் அப்போது இருக்கும் இடத்தைப் பொறுத்து 56 ஏ.பி.ஓ. என்றோ 99 ஏ.பி.ஓ. என்றோ ராணுவத் தபால் நிலைய முகவரி எழுதி மறுபடி தபாலில் அனுப்ப வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நின்றவள் நான். காலையில் பி.டி., அப்புறம் பரேடு, அப்புறம் வேலை, சாயங்காலம் கேம்ஸ், ரோல்கால், ராத்திரி கார்டு டியூட்டி என்றால் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், நாலு மணி நேரம் ஓய்வு. அந்த நாலு மணி நேரத்தில் மனிதன் தூங்குவானா, மொகலாயர் வருவாய் முறையைப் படிப்பானா? இவர் பாதி தூங்கினார், பாதி படித்தார். மலை மேல் போஸ்டிங்கில் இருந்தபோது குளிரில் பேனா மை இறுகி எழுதாதாம், ரீபிலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எழுதியதாகச் சொன்னார்.

தேர்வு இன்னொரு கொடுமை. பணம் கட்டி, மையம் தேர்ந்தெடுத்து, ஹால் டிக்கெட்டும் வந்த பிறகு யூனிட் பீல்டு ஏரியாவுக்குக் கிளம்பிவிடும். அவ்வளவுதான், அந்த டிசம்பர் போச்சு. அடுத்த ஜூனில் ஆள் பற்றாக்குறை, பெர்மிஷன் கிடையாது. பெர்மிஷன் தருவதும் தராததும் மேலே இருக்கிற அதிகாரியைப் பொறுத்தது. ஒருவர் "படிப்பா, போ, நல்லா எழுது" என்று அனுப்பினார். இன்னொருவர் "உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். மூன்று வருடப் படிப்பை முடிக்க ஆறு வருடம் வரை கெடு உண்டு. கெடுவுக்குள் முடிப்பாரா என்பதுதான் எங்கள் வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த பேச்சு. லீவில் வந்தால் வாரம் ஒரு முறை ஓடும் ஹிம்சாகர் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குவார். எனக்குச் சேலையோ குங்குமப்பூவோ எடுப்பதற்கு முன்னால் பையிலிருந்து புத்தகம்தான் வெளியே வரும். கோபம் வந்திருக்கிறது, மறைக்கவில்லை. வருடத்தில் சில வாரம்தான் புருஷன் வீட்டில் இருக்கிறார், அதிலும் பாதி நாள் பிரெஞ்சுப் புரட்சியோடு இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"அசைன்மென்ட்டை நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீங்க." என் கையெழுத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். தவிர, அவருக்கு வந்த புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வரை தமிழில் படித்த மனிதர் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொண்டார். இதில் ஒரு வேடிக்கை, டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இருபது சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் பதவி என்றால் பட்டம் வரை தமிழிலேயே படித்திருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழ், டிகிரி மட்டும் ஆங்கிலம், எனவே அவருக்கு அது கிடையாது. யாரும் நமக்காக விதியை வளைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

"பதினைந்து வருஷம் சர்வீஸ் போட்டா சும்மாவே டிகிரி சர்டிபிகேட் கொடுத்துடுவாங்களே." வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். அந்தப் பெரியவர் குழப்பிக்கொண்டதும் இங்கேதான் என்று நினைக்கிறேன். பத்தாவது முடித்து, பதினைந்து வருடம் சேவை செய்த முன்னாள் ராணுவத்தினருக்கு மத்திய அரசின் குரூப் சி வேலைகளில், அதுவும் அவர்களுக்கென ஒதுக்கிய இடங்களில், பட்டதாரிக்கு இணையாக விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. தொழில்நுட்பப் படிப்பு கேட்கும் வேலைகளுக்கு அது செல்லாது. அது தகுதிச் சான்று, பட்டம் என்று யாரும் சொல்லவில்லை. அதைக் காட்டி எம்.ஏ. சேர முடியாது. என் வீட்டுக்காரரிடம் அதுவும் இருக்கிறது, பெட்டியில் தூங்குகிறது. அவர் படித்து வாங்கியது வேறு காகிதம். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் கல்லூரி மேடையில் பேசுகிறார். இனி அந்தச் சான்றுக்கே வருவோம், பதினைந்து வருடம் ஒருவன் பாலைவனத்திலும் பனியிலும் நின்றதற்கு, கிளார்க் வேலைக்கு மனு போடலாம் என்று ஒரு காகிதம் கொடுத்தால் அதுவும் உங்கள் கண்ணை உறுத்துகிறதா?

"ரெகுலரில் ஆசிரியர் இருக்கிறார், லேப் இருக்கிறது, நண்பர்களோடு விவாதிக்கலாம், அது வேறு அனுபவம்." இதை ஒத்துக்கொள்கிறேன். என் மகளுக்கு அது கிடைத்ததில் எனக்குப் பெருமை. அவள் அப்பாவுக்கும் ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? பதினெட்டு வயதில் வீட்டில் சோற்றுக்கு வழியில்லாதவன் எந்த கேம்பஸில் போய் எந்த மரத்தடியில் விவாதிப்பான்? வருகைப் பதிவு குறைந்ததற்குக் காண்டோனேஷன் என்று பணம் கட்டிவிட்டுப் பரீட்சை எழுதும் பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி மேடையில் யாரும் ஜோக் அடிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) மூன்று வருடம் முடிக்கும் பிள்ளைகளுக்கு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யூ.) பட்டம் கிடைக்கிறது. சிப்பாயாகச் சேர்ந்து, ஆர்மி கேடட் காலேஜுக்குத் தேர்வெழுதிப் பாஸாகி டேராடூன் போகிறவர்களுக்கும் மூன்று வருடத்தில் ஜே.என்.யூ. பட்டம்தான், அப்புறம் இந்திய ராணுவ அகாடமியில் (ஐ.எம்.ஏ.) ஒரு வருடம் பயிற்சி முடித்து அதிகாரியாக வருகிறார்கள். அதையும் கேன்டீன் டிகிரி என்பாரா அந்தப் பெரியவர்? சொல்ல மாட்டார். தோளில் நட்சத்திரம் இருந்தால் பட்டம், கையில் பட்டை இருந்தால் கேன்டீன் சரக்கு. இதுதான் விஷயம், இதை ஜோக் என்று சொல்லி மூடப் பார்க்காதீர்கள்.

அடுத்தது, எனக்கு அதிகம் எரிந்த கமெண்ட். "சம்பளம், பென்ஷன், கேன்டீன், எல்லாமே கிடைக்குது, இதுல மரியாதை வேற வேணுமா?" ஐயா, கேன்டீன் கேன்டீன் என்கிறீர்களே, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் "அண்ணே, ஒரு பாட்டில்" என்று எங்கள் வாசலில் வந்து நிற்பது யார்? பெயர் போட ஆரம்பித்தால் இந்த ஊர் தாங்காது. கேன்டீன் பாட்டில் மட்டும் இனிக்கிறது, கேன்டீன் டிகிரி கசக்கிறதா? ஆகஸ்ட் 15 வந்தால் சல்யூட் பொம்மை போட்டு ஸ்டேட்டஸ் வைப்பீர்கள், அடுத்த நாள் அதே ஆள் வேலை கேட்டு வந்தால் வாட்ச்மேன் வேலை இருக்கிறது என்பீர்கள். பி.ஏ. என்று சொன்னால் ஒரு மாதிரி சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்பைத்தான் அன்று அரங்கத்தில் மொத்தமாகக் கேட்டேன்.

என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் மூஞ்ச தூக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும், பாப்பாவுக்கு நல்ல நாள்" என்றார். மகள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவள் ஐந்தாவது படிக்கும்போது வரலாற்றுப் பாடத்தில் சந்தேகம் வந்தால் போனில் அப்பாவிடம்தான் கேட்பாள், டியூஷன் மிஸ்ஸிடம் கேட்க மாட்டாள்.

மறுநாள் என் அண்ணன் மகன் கூப்பிட்டான். நாலு வருடச் சேவைக்கு ஆளெடுக்கும் அக்னிபாத் திட்டத்தில் அக்னிவீராகப் போயிருக்கிறான். வீடியோ அவன் தங்கியிருக்கும் பாரக் வரைக்கும் போயிருக்கிறது. "அத்தை, நான் படிக்கிற இந்த டிகிரி செல்லுமா?" என்று கேட்டான். இதற்கு என்ன பதில் சொல்ல? நாலு வருடம், அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்குப் பதினோரு லட்சத்துச் சொச்சம் கையில், பென்ஷன் கிடையாது. அவர்களுக்கென்று 2022-இல் இக்னோவில் ஒரு பட்டப்படிப்பை அறிவித்தார்கள், பாதி கிரெடிட் ராணுவப் பயிற்சிக்கு, மீதிப் பாதி பாடங்களுக்கு. "பாதி டிகிரிதானே அது" என்று கேட்பீர்கள், எனக்கே அதில் சந்தேகம் இருக்கிறது, பயிற்சியை எப்படி மார்க்காக மாற்றுவார்கள் என்பது எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் முதல் பேட்ச் 2022 கடைசியில் உள்ளே போனது, 2026 முடிவிலிருந்து வெளியே வரத் தொடங்குவார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன்கள். பதினைந்து வருடச் சான்றும் அவர்களுக்குக் கிடையாது. கையில் இருப்பது இந்தப் பட்டம் ஒன்றுதான், அதையும் நாம் மேடை போட்டுச் சிரித்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

வெளியே கொஞ்சம் பாருங்கள். அமெரிக்காவில் 1944-இல் சட்டம் போட்டு, உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசே கல்லூரிக் கட்டணம் கட்டியது, இருபது லட்சம் பேருக்கு மேல் அப்படிக் கல்லூரிக்குப் போனார்கள். சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகும் பையனுக்கு, நம்ம தமிழ்ப் பையன்களும் அதில் உண்டு, கிடைத்த பல்கலைக்கழக இடத்தை அவன் முடித்து வரும்வரை வைத்திருக்கிறார்கள். இங்கே ஒருவன் தானே புத்தகம் வாங்கி, தானே பீஸ் கட்டி, ராத்திரி டியூட்டிக்கு நடுவில் படித்தால் அவன் கேலிப்பொருள். "நம்ம நாட்டோட நிலைமை வேற" என்று யாராவது ஆரம்பிக்கப் போகிறீர்கள், தெரியும். கேலி செய்யாமல் இருப்பதற்கு என்ன செலவாகும், அதை மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. கமெண்டில் யாரும் சல்யூட் பொம்மை போட வேண்டாம், "ஜெய் ஹிந்த் அக்கா" வேண்டாம். அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 செப்டம்பரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களில் பலர் கம்பெனி நடத்துகிறீர்கள், சிலர் எச்.ஆரில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் பள்ளிக்கூடமே நடத்துகிறீர்கள். உங்கள் வேலை விளம்பரத்தில் "ரெகுலர் டிகிரி மட்டும்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் ஏன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், என் அண்ணன் மகனுக்கு அதைத்தான் அனுப்பி வைக்க வேண்டும்.