போனை நோண்டுகிற டாக்டர்தான் நான்

ஞாயிற்றுக்கிழமை டாக்டர்கள் கூட்டத்தில் நடந்ததைத் திரும்ப விளக்கப் போவதில்லை. அந்த நாற்பது விநாடி வீடியோ ஏதாவது ஒரு வாட்ஸப் குரூப் வழியாக உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். மீதிப் பேர் கமெண்டில் கேட்காதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். பெரியவர். எனக்கும் ஒரு காலத்தில் நாலு விஷயம் சொல்லித் தந்தவர். மைக்கைப் பிடித்து, "இப்பல்லாம் ஐ.சி.யூ.வ நடத்துறது டாக்டர் இல்ல, செல்போன்" என்றார். மண்டபமே சிரித்தது. மேடையில் ஒரு நோயாளியின் கேஸ் சொல்லிக்கொண்டிருந்த ஜூனியர் டாக்டர் பிள்ளையும் சேர்ந்து சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

அவள் செய்த குற்றம், கடைசி ஸ்லைடில் தான் வாசித்த மூன்று இணையப் பக்கங்களின் பெயரைப் போட்டது. பெயர் போடாமல் எல்லாம் தன் மண்டையில் உதித்தது மாதிரி சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவளுக்கு முன்னால் பேசியவரின் ஸ்லைடுகள் மருந்துக் கம்பெனி அடித்துக் கொடுத்தவை, ஓரத்தில் லோகோகூட இருந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மத்தியானச் சாப்பாடும் அந்தக் கம்பெனி உபயம்தானே.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அந்தப் பக்கங்களை ஒரு தடவை திறந்து வாசித்துவிட்டு அப்புறம் கேலி பண்ணுங்கள். திறக்காமல் பண்ணாதீர்கள்.

அந்தப் பக்கங்களை எழுதுகிறவர்கள் யூடியூபில் வெங்காயச் சாறு விற்கிற ஆள் இல்லை. லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன் என்ற பக்கம் ஆஸ்திரேலிய டாக்டர்கள் 2007-இல் தொடங்கியது. டிரேஞ்ச்ட் பிசியாலஜி, அலெக்ஸ் யார்ட்செவ் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர் அந்த நாட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது. வென்டிலேட்டர் திரையில் ஓடுகிற அலைக்கோடு ஏன் அப்படி வளைகிறது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். ஜாஷ் ஃபார்கஸ் எழுதுகிற இன்டர்நெட் புக் ஆஃப் கிரிட்டிகல் கேர், ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் வாசித்தாலும் அடுத்து என்ன செய்யணும் என்று சொல்லும். வாசிக்கப் பைசா கிடையாது. இந்த மாதிரி இலவசக் கல்விக்கு 'ஃபோம்' (ஃப்ரீ ஓப்பன் ஆக்சஸ் மெடிக்கல் எஜுகேஷன்) என்று பெயர் வைத்தது 2012-இல், டப்ளினில் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில், பீர் குடித்துக்கொண்டே. (இது தெரிந்தால் பெரியவருக்கு இன்னொரு ஜோக் கிடைக்கும். வைத்துக்கொள்ளட்டும்.)

என் கதையைச் சொல்கிறேன். 2013. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி, ராத்திரி ட்யூட்டிக்கு நான் ஒருத்திதான். குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு பெரியம்மாவைக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரக் காய்ச்சல், மூச்சுத் திணறல். அக்குளில் சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுத்த பொருக்கு. ஸ்க்ரப் டைஃபஸ், சிற்றுண்ணி கடித்து வருகிற காய்ச்சல். ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தாயிற்று. அங்கே ஒரு பழக்கம் இருந்தது: யார் வந்தாலும் ஒரு மூச்சுக்கு 500 மில்லி காற்று. நானும் 500 வைத்தேன். மெஷின் அலறுகிறது, ஆக்சிஜன் 82-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது.

சீனியருக்கு போன் பண்ணியிருக்கலாமே என்பீர்கள். பண்ணினேன். "இதுகூடத் தெரியாதா? காலையில பாப்போம்." வைத்துவிட்டார்.

அப்புறம்தான் போனை நோண்டினேன். ஆமாம், நோண்டினேன். நெட் இழுத்து இழுத்துத் திறந்தது. நுரையீரலின் அளவு உடம்பின் எடையைப் பொறுத்தது இல்லை, உயரத்தைப் பொறுத்தது என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேலும் படித்துவிட்டு வந்தவள் நான். என்னிடம் அதுவரை இதை யாரும் அழுத்திச் சொன்னதில்லை. உயரம் அளக்க வார்டில் டேப் இல்லை. செக்யூரிட்டி அண்ணன் பகலில் கொத்து வேலைக்கும் போகிறவர், பைக் பெட்டியிலிருந்து சிமெண்ட் ஒட்டின இரும்பு டேப்பை எடுத்துத் தந்தார். அவர் குதிகாலில் பிடிக்க, நான் உச்சந்தலையில் பிடித்தேன். 148 சென்டிமீட்டர். பெண்களுக்கான கணக்குப்படி 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 45.5-ஐக் கூட்டினால் அந்த உயரத்துக்கு உரிய எடை நாற்பத்தொன்றரை கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்றால் 250. நான் வைத்திருந்தது அதைப்போல இரண்டு மடங்கு.

இந்தக் கணக்கு ஒன்றும் அப்போது புதிது இல்லை. 2000-இலேயே அமெரிக்காவில் வென்டிலேட்டரில் இருந்த 861 நோயாளிகளை வைத்துப் பார்த்துவிட்டார்கள். கிலோவுக்கு 12 மில்லி கொடுத்த குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் இறந்து போனார்கள், 6 மில்லி குழுவில் முப்பத்தொன்று. பதின்மூன்று வருஷம் கழித்து, அந்த 12 மில்லி குழுவை நான் இங்கே தனியாக நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு முன்னால் எத்தனை பேர் நடத்தினார்களோ, எத்தனை பெரியம்மாக்களோ, அந்தக் கணக்கை யார் எடுப்பது?

அவர் பிழைத்தார். என்னால் என்று சொல்லவில்லை, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வேலை செய்தது, நர்ஸ் அக்காமார் ராத்திரி பகலாக நின்றார்கள். ஆனால் அந்த இரும்பு டேப்பை நான் மறக்க மாட்டேன்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். இன்பாக்ஸில் ஏற்கெனவே மூன்று வந்துவிட்டது.

"கண்டவன் எழுதினத நம்பி நோயாளிக்கு மருந்து குடுப்பியளா?" கண்டவன் இல்லை, பெயர் போட்டு எழுதுகிறான், எந்த ஆய்விலிருந்து எடுத்தான் என்று கீழே போடுகிறான், தப்பென்றால் நாலு பேர் சண்டைக்குப் போகிறார்கள். உங்கள் புத்தகத்தோடு யார் சண்டை போட முடியும்? செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உறுப்புகள் கெடுகிற நிலை, வந்தால் முதல் ஆறு மணி நேரம் இன்ன இன்ன அளவை எட்டியே தீரணும் என்று 2001-இல் ஒரு ஆய்வு சொன்னது. 2014, 2015-இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று மூன்று இடத்துப் பெரிய ஆய்வுகள், அந்தச் சடங்கால் கூடுதல் பலன் இல்லை என்று சொல்லிவிட்டன. அதற்குப் பிறகும் ஒரு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), பழையதை வேதம் மாதிரி ஒப்பிக்காததற்கு என்னை "வாசிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினார்கள். வாசித்ததுதான் பிரச்சினை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இணையமும் தப்புப் பண்ணியிருக்கிறது, மறைக்க மாட்டேன். 2017-இல் செப்சிஸுக்கு வைட்டமின் சி என்று ஒரு அலை அடித்தது. நான் தினமும் வாசிக்கிற பக்கங்களே துள்ளிக் குதித்தன. நானும் கொடுத்தேன். 2020-இல் பலன் இல்லை என்று வந்தது, 2022-இல் இன்னொரு ஆய்வு கெடுதல் என்றே சொன்னது. நிறுத்தினேன். அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு அலையில் நனைந்தவர்கள்தான் நாம் எல்லாரும், அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

"கைவேலைய வீடியோ பாத்துப் படிப்பாங்களா?" படிக்க மாட்டார்கள். கழுத்து ரத்தக்குழாயில் ஊசி போடுவதைப் பக்கத்தில் ஆள் நின்றுதான் சொல்லித் தரணும். நில்லுங்களேன் சார். யார் வேண்டாம் என்றது?

மூன்றாவது கேள்விக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. "நம்ம ஊரு நோய் அதுல இருக்கா?" குறைவு. சிட்னியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு நம்ம ரப்பர் தோட்டத்துச் சருகுக்குள் கிடக்கிற கூம்புமூக்குக் குழிவிரியனைப் பற்றி என்ன கவலை? நம்ம விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். இதற்குக் கேட்காது, கிட்னி போகிற வரைக்கும் போகும். பூச்சிமருந்து கேஸும் அப்படித்தான். ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் நல்லது என்று 2023-இல் நிரூபித்தது வெளிநாட்டுக்காரன் இல்லை, வேலூர் சி.எம்.சி. முன்னால் நின்று நடத்திய ஆய்வு. இதையெல்லாம் கேரள எல்லைப் பாறசாலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு ஜூனியர் ராத்திரி தேடினால் கிடைக்கிற மாதிரி யார் எழுதணும்? முப்பது வருஷ அனுபவம் இருக்கிறவர்கள்தானே? எழுதினீர்களா? ஒரு பக்கம்? ஒரு பத்தி? மைக் கிடைத்தால் ஜோக்.

இந்தியாவில் கிரிட்டிகல் கேர் டாக்டர்களுக்கு ஒரு சங்கம் வந்ததே 1993-இல்தான். பெரியவர்கள் படித்த காலத்தில் இப்படி ஒரு படிப்பே கிடையாது, தட்டுத்தடுமாறித்தான் கற்றார்கள், அந்த மரியாதை எனக்கு உண்டு. தான் தடுமாறின இடத்தில் அடுத்தவளும் தடுமாறட்டும் என்று நினைப்பதுதான் புரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் என்று நினைத்தாலும் பரவாயில்லை. நம்ம ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் முதல் நாளே கேட்பது, "டாக்டரே, திருவனந்தபுரம் கொண்டு போவமா?" தப்பில்லை, அவர்கள் பயம் அவர்களுக்கு. ஆனால் எல்லையில் களியக்காவிளை தாண்டினால்தான் மருத்துவம் என்று இருக்கிற ஊரில், கருங்கல் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்த ஒரு பிள்ளை, ஆஸ்திரேலிய உச்சரிப்பு பிடிபடாமல் பாட்காஸ்ட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பஸ்ஸில் வரும்போது வாசித்து, நோட்டில் தமிழில் எழுதி வைத்துப் படிக்கிறாள். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். 2016-இல் ஜியோ வந்து டேட்டா சல்லிசு ஆன பிறகுதான் இதெல்லாம் அவளுக்கு எட்டியது. அவளைப் பார்த்து செல்போன் டாக்டராம்.

வீடியோவில் இரண்டாவது வரிசையில் பச்சைச் சேலை நான்தான். சிரிக்கவில்லை, பார்த்தால் தெரியும். ஆனால் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கையில் ரசவடைத் தட்டு இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நீளத்துக்கு இங்கே எழுதுவது அதனாலும்தான்.

அன்று ராத்திரி அவள் மெசேஜ் போட்டிருந்தாள். "மேடம், அந்தக் கடைசி ஸ்லைட எடுத்துரட்டா? அடுத்த மாசம் மறுபடியும் பேசணும்." மூன்று நாளாகப் பதில் போடாமல் வைத்திருந்தேன். இப்போதுதான் போட்டேன்: எடுக்காண்டாம் மக்களே, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்கு.

சண்டைக்கு வருகிறவர்கள் காலை எட்டு மணிக்கு மேல் வாங்க. இப்போ நைட் ட்யூட்டி.