விழிப்புணர்வு இல்லையாம்

போரில் நொந்த இலங்கையின் வன்னி மக்களுக்கு மனநல விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் ஆலோசனைக்கு வருவதில்லை என்று கருத்தரங்குக்குக் கருத்தரங்கு சொல்கிறார்கள். கேட்டுச் சலித்துவிட்டது. பக்கத்து யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற நிறுவனம் 1980களின் கடைசியிலிருந்தே உளவள ஆலோசனை தந்துவருகிறது. ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களிலும் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்களிடம் ஆட்கள் போய்வந்தார்கள். நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை, தலை விறைக்கிறது என்பார்கள். மனம் சரியில்லை என்று மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய ஆள் என்று ஊர் பேசிவிட்டால் தங்கச்சியின் கலியாணப் பேச்சு குழம்பிவிடுமே! வெட்கம் உண்டுதான். ஆனால் அதை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது வசதியான பேச்சு.

பயத்தை எங்கே விட்டீர்கள்? 2009இல் போர் முடிந்து இராணுவத்தின் முள்வேலி முகாமுக்குள் இருந்தவர் யாரை நம்பிப் பேசுவார்? மகன் எப்படிச் செத்தான் என்று தொடங்கினால், போரில் அவன் யாருடன் நின்றான் என்பதும் வாயில் வந்துவிடும். எதிரே இருப்பவர் கொப்பியில் எழுதுகிறார். அந்தக் கொப்பி நாளைக்கு யார் கைக்குப் போகும்? மீள்குடியேற்றத்துக்குப் பிறகும், வடக்கில் நிறுவனங்களின் வேலைகளுக்கு அனுமதி வழங்கிய ஜனாதிபதி செயலணி உளசமூகப் பணிகளுக்கு இலேசில் அனுமதி கொடுக்கவில்லை. வீடு கட்டலாம், கிணறு துப்புரவாக்கலாம். சனங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் சிக்கல்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருடைய மறுப்பு வேறு வகை. எனக்குத் தெரிந்த அம்மா ஒருவரை ஆலோசனைக்குக் கூப்பிட்டபோது, "போனால் பிள்ளை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்வார்கள் தம்பி. அதற்கு நான் ஆள் இல்லை" என்றார். மகனுக்கு அந்தியேட்டி என்ற இறப்புச் சடங்கு செய்யவில்லை, செய்யவும் விடமாட்டார். அவனுடைய அடையாள அட்டைப் பிரதி அவரது கைப்பைக்குள் பொலித்தீன் உறையில் இருக்கிறது. மடித்து மடித்து, மடிப்பில் விழுந்த இலக்கங்கள் அழிந்துவிட்டன. இவருக்கு எந்த விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரத்தைக் கொடுப்பீர்கள்?

2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் இப்படிப்பட்ட பெண்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் போராடிவருகிறார்கள். அங்கே ஒருவர் அழுதால் பக்கத்தில் இருப்பவர் காரணம் கேட்பதில்லை. இந்த ஆறுதலை எந்த அறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? குடும்பநல உத்தியோகத்தர் எந்த வீட்டுப் படலையைத் திறந்தாலும் ஊர் சந்தேகப்படாது. குழந்தையின் நிறை பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் நினைக்கும். அவருக்குப் பயிற்சியும் நேரமும் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டி, அதன் கீழேயே வாங்கு போட்டு ஆட்களைக் காத்திருக்க வைக்காதீர்கள். பெயர் எழுதாமல், காணாமல் போனவரைச் செத்தவராக்காமல் பேச ஓர் அறை கொடுங்கள். அதன்பிறகும் சனம் வராவிட்டால் விழிப்புணர்வைப் பற்றிப் பேசுவோம்.