கசப்பை எடுத்துவிட்டால் அது மார்மலேட் இல்லை

ஆரஞ்சும் எலுமிச்சையும் குவியத் தொடங்கினால் போதும், இந்தப் பழங்களைத் தோலோடு சர்க்கரையில் காய்ச்சி உறையவைக்கும் மார்மலேட்டை வீட்டிலேயே செய்வது எப்படி என்று வீடியோக்கள் வரிசைகட்டி வந்துவிடும். பாதிக்கு மேல் ஒரே உபதேசம்தான். தோலுக்கு அடியில் உள்ள வெள்ளையைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள், தோலை மூன்று தடவை கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள், விதையைத் தூக்கிப் போடுங்கள், சர்க்கரையைப் பாதியாக்குங்கள். எல்லாம் முடிந்த பிறகு, கெட்டியாக வர பெக்டின், அதாவது பழத்தை உறையவைக்கும் பசைப்பொருள், பொடியாக ஒரு பாக்கெட் சேருங்கள் என்பார்கள். இதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அந்தப் பெக்டின் அதிகம் இருப்பதே குப்பைக்குப் போன வெள்ளையிலும் விதையிலும்தானே!

மார்மலேட் கசக்க வேண்டும். நாக்கைச் சுருட்டும் கசப்பு இல்லை. முதலில் இனித்து, அப்புறம் புளித்து, கடைசியில் மெல்லத் தலைகாட்டும் கசப்பு. அது இல்லையென்றால் கையில் இருப்பது ஆரஞ்சு ஜாம். ஜாம் நல்ல பண்டம், எனக்கும் பிடிக்கும். ஆனால் இது வேறு.

இதற்குப் பேர்போன பழம் ஸ்பெயினின் செவில் ஆரஞ்சு. உரித்துத் தின்ன லாயக்கில்லாத பழம். புளிப்பு ஒரு பக்கம், கசப்பு ஒரு பக்கம், போதாததற்கு வாய் நிறைய விதை. ஜனவரியை ஒட்டிச் சில வாரங்கள்தான் சந்தையில் கிடைக்கும். அந்தச் சில வாரங்களுக்காகவே பிரிட்டனில் ஆண்டு முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 1797-இல் கெய்லர் குடும்பம் தொடங்கிய மார்மலேட் வியாபாரமும் இந்தக் கசப்பு ஆரஞ்சை நம்பித்தான். மார்மலேட்டையே கண்டுபிடித்தது அவர்கள்தான் என்றொரு கதை சுற்றுகிறது; சுவையான கதை, ஆனால் ஆரஞ்சு மார்மலேட் குறிப்புகள் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே இருக்கின்றன.

செவில் கிடைக்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இனிப்பு ஆரஞ்சோடு எலுமிச்சையைத் தாராளமாகச் சேர்த்தால் போதும். பெக்டின் உறைய அமிலம் வேண்டும், இனிப்புப் பழத்தில் அது குறைவு. எலுமிச்சை அந்தக் குறையைத் தீர்த்துவிடும். பருவத்தின் தொடக்கத்தில் வரும், சற்று முன்னதாகப் பறித்த கெட்டியான பழங்களாகப் பாருங்கள். பழம் அதிகம் கனியக் கனியப் பெக்டின் குறைந்துகொண்டே போகும். தோலோடு சாப்பிடப்போகிறோம் என்பதால் வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவது முக்கியம். கடைப்பழங்களில் மெழுகு பூசியிருப்பார்கள்.

வேலை பெரிதில்லை, பொறுமைதான் வேண்டும். ஒரு கிலோ பழத்தின் சாற்றைப் பிழிந்து, தோலை வெள்ளையோடு மெல்லிசாக நறுக்கி, சாறோடு சேர்த்து இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீரில் போடுங்கள். விதை, சக்கை, நார் எல்லாவற்றையும் மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி அதிலேயே போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் சிறு தீயில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வேக வேண்டும். தோல் துண்டை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். சர்க்கரை விழுந்த பிறகு தோல் வேகாது. அப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே விறைத்துக்கொள்ளும். ரப்பர் மாதிரி மெல்லவேண்டிய மார்மலேட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வெந்ததும் மூட்டையை ஆறவைத்துப் பாத்திரத்திலேயே பிழியுங்கள். கொழகொழவென்று ஒன்று வழியும், அருவருத்துக் கொட்டிவிடாதீர்கள். அதுதான் பெக்டின்.

அடுத்தது சர்க்கரைச் சண்டை. கசப்புப் பழத்துக்கு எடையில் இரண்டு மடங்கு, இனிப்புப் பழம் என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இதைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. பாகில் சர்க்கரை ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் பழத்தின் பெக்டின் வலை பின்னி உறையும். தண்ணீரைச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்வதால்தான் பூஞ்சையும் எளிதில் அண்டுவதில்லை. பாதியாகக் குறைத்தால் உறையாது, சீக்கிரம் கெட்டும் போகும். சர்க்கரை ஆகாது என்றால் கால்சியத்தால் உறையும் வேறு வகைப் பெக்டின் இருக்கிறது. அதில் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்துத் தீர்த்துவிடலாம். மற்றவர்களுக்கு என் யோசனை, அளவைக் குறைக்க வேண்டியது பாத்திரத்தில் இல்லை, தட்டில்.

சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகுதான் தீயைக் கூட்ட வேண்டும். அகலமான, அடிகனமான பாத்திரமாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். வெப்பமானி இருந்தால் 104, 105 டிகிரி செல்சியஸில் பதம். மலைப்பகுதியில் இருப்பவர்கள் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானி இல்லையா, ஃபிரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் ஆறியதும் விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் ஆயிற்று. சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். பதம் தாண்டிக் கொதித்தால் பெக்டின் உடைந்து, நிறம் கறுத்து, கருகல் வாடை வந்துவிடும்.

இறக்கிய உடனே பாட்டிலில் ஊற்றினால் தோல் எல்லாம் மேலே மிதக்கும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டு, ஒரு கிளறு கிளறி, சூடாகவே சுத்தமான சூடான பாட்டில்களில் நிரப்பி மூடுங்கள். அன்று ராத்திரி தண்ணியாகத் தெரிந்தால் பதறவேண்டாம், முழுக்க உறைய இரண்டு நாள்கூட ஆகலாம். அதற்கு மேலும் ஓடிக்கொண்டிருந்தால் எலுமிச்சைச் சாறு விட்டு மறுபடி ஒரு கொதி. அப்போதும் கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். கேக்கின் மேல் ஊற்ற அதைவிட நல்ல பாகு கிடையாது.