புதுப் பாலம் வரட்டும், பழைய பாலத்தைக் கைவிட்டுவிடாதீர்கள்

திருச்சி காவிரிப் பாலத்துக்குப் பக்கத்திலேயே 100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் புதுப் பாலம் என்று அறிவிப்பு வந்தபோது எங்கள் ஸ்ரீரங்கத்தில் சந்தோஷப்படாதவர்களே இல்லை. சாயங்கால நேரத்தில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மாம்பழச்சாலைக்கு வண்டியில் வந்தவர்களுக்கு அது ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை. இப்போதைய பாலம் 1976-இல் திறந்தது. அன்றைய ஊருக்கு அந்த அகலம் தாராளம், இன்றைக்குப் பற்றவில்லை. அதெல்லாம் சரி. ஆனால் "புதுசு வந்துட்டா பழசைப் பத்தி என்ன கவலை" என்று பலர் பேசுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2022 கடைசியில் பாலத்தை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். நடுவில் வைகுண்ட ஏகாதசியே வந்து போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காந்தி மார்க்கெட்டுக்குப் போய்வரும் வியாபாரிகள் எல்லோரும் சென்னை பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. அத்தனை மாதம் செய்த வேலையில் முக்கியமானவை இரண்டு: தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் இருக்கும் பேரிங்குகளை மாற்றியது, தளத் துண்டுகள் சேரும் இடைவெளிகளைச் சீர்செய்தது.

இந்த இடைவெளிகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. வெயிலில் கான்கிரீட் விரியும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் விட்டுத்தான் கட்டுவார்கள். பிளாட்பாரத்தை ஒட்டி நடந்துபோகும்போது குனிந்து பாருங்கள். மண்ணும் பிளாஸ்டிக் தாளும் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கும். மழைத்தண்ணீர் வடிய வைத்த துளைகளும் அடைபட்டால் தண்ணீர் மேலே தேங்கி உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். கைப்பிடிச் சுவர் விரிசலில் ஓர் அரசங்கன்று முளைத்தால் அதை அன்றைக்கே பிடுங்க ஒரு ஆள் போதும். பத்து வருடம் விட்டால் கான்கிரீட்டை உடைத்துத்தான் வேரை எடுக்க முடியும். கூட்டிப் பெருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்தாலே பாலத்தின் ஆயுளில் பல வருடம் கூடும்.

பழசைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். கொள்ளிடத்தில் 1928-இல் கட்டிய இரும்புப் பாலம் இருந்தது. 2016-இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் பழையதில் வண்டிகளை நிறுத்தினார்கள். காலையில் வாக்கிங் போகிறவர்கள் மட்டும் அதில் நடந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சாய்ந்து ஆற்றில் விழுந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஒரே ஆறு, ஒரே மாதம். அந்த இரும்புப் பாலத்தைப் பிறகு பிரித்தெடுக்க வேண்டியதாகிவிட்டது. மணலை அள்ள அள்ள ஆற்றின் மட்டம் இறங்கி, தூணின் கால் வெளியே தெரியும். வெள்ளம் முதலில் அரிப்பதும் அந்த இடத்தைத்தான். பாலம் பழசா புதுசா என்று தண்ணீர் பார்ப்பதில்லை. பாலங்களுக்கு அருகே மணலில் கைவைக்க யாரையும் விடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

காவிரிப் பாலம் எங்களுக்கு வெறும் ரோடு இல்லை. ஆடிப்பெருக்கு அன்று தண்ணீர் பார்க்கக் குடும்பத்தோடு வந்து நிற்கும் இடம் அது. புதுப் பாலத்தில் கனரக வண்டிகளும் பஸ்களும் போகட்டும். பழையதை டூவீலருக்கும் சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் விடுங்கள். சுமை குறைந்தால் அது இன்னும் நெடுநாள் தாங்கும். அதன் வருடாந்திரப் பராமரிப்புக்கான பணத்தைப் புதுப் பாலத்தின் கணக்கோடு சேர்த்தே ஒதுக்குங்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் தூண்களின் அடிவரை சோதித்து, என்ன பார்த்தோம், என்ன சரிசெய்தோம் என்று தமிழில் எழுதி, மாம்பழச்சாலைப் பக்கம் ஒரு பலகை, அண்ணா சிலைப் பக்கம் ஒரு பலகை வையுங்கள்.