நயாகராவில் அம்மா ஏன் படகில் ஏறவில்லை

சென்ற வாரம் நான் இட்ட நயாகராப் படத்தின் கீழ் நடந்ததைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: ஊரிலிருந்து அமெரிக்காவில் என் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மா, அருவிப் பக்கம் ஒரு பெஞ்சில் பேரன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் அது. மற்றதையெல்லாம் மறுபடி எடுத்துச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. அந்தப் படத்தை வெட்டியெடுத்துத் தம் பக்கத்தில் இட்டு, "பெற்றவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகள் படகில் உல்லாசம்" என்று எழுதியவருக்கும், அதன்கீழ் வரிசையில் நின்று துக்கம் விசாரித்தவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் சில நாள் பொறுத்திருந்தேன். ஆனால் ஊரிலிருந்து உறவினர்கள் அம்மாவையே தொலைபேசியில் அழைத்து, "அங்கே உன்னை நல்லபடியாக வைத்திருக்கிறார்களா?" என்று கேட்கத் தொடங்கிய பிறகு சும்மா இருப்பது சரியல்ல என்று தோன்றியது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு வயதுக் குழந்தையும், நான்கு வயதுக் குழந்தையும், எழுபதைத் தொட்ட பெற்றோரும் சேர்ந்து கிளம்பும் பயணத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க முடியாது. எந்த இடத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அப்படி உட்காருவது புறக்கணிப்பு அன்று.

அந்தப் படகைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர் அதில் ஏறியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அமெரிக்கக் கரையிலிருந்து போகும் 'மெய்ட் ஆஃப் தி மிஸ்ட்' படகுக்கு, நோக்குக் கோபுரத்தின் மின்தூக்கியில் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்க வேண்டும். அங்கே கொடுக்கும் நீலநிற மழைக்காப்பை மாட்டிக்கொண்டு, தள்ளுவண்டியை மடித்துக் கையில் பிடித்து, ஆடும் படகின் ஈரத்தளத்தில் நின்றபடி ஏறக்குறைய இருபது நிமிடம் போய்வர வேண்டும். நயாகராவின் பெரிய அருவியான குதிரைலாட அருவியின் அடியை நெருங்கும்போது கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குச் சாரல் அடிக்கும். எட்டாண்டுகளாக முழங்கால் வலிக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் என் அம்மா, மின்தூக்கிக்கு நின்ற வரிசையைப் பார்த்த உடனேயே, "நீங்கள் போய்விட்டு வாருங்கள், தம்பி தூங்குகிறான், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினார். உடன் நானும் என் கணவரும் போனோம். திரும்பியதும் அம்மாவுடன், அருவிகளுக்கு நடுவே இருக்கும் கோட் தீவுக்குப் போய், அருவி விளிம்புக்கு மிக அருகில் இருக்கும் டெர்ராபின் முனையில் வெகுநேரம் நின்றோம். அதற்கும் படம் இருக்கிறது. அதை யாரும் வெட்டியெடுத்துப் போடவில்லை.

"சக்கர நாற்காலி எடுத்திருக்கலாமே" என்று ஒரு நல்லவர் கேட்டிருந்தார். எடுத்திருக்கலாம். ஆனால் சொந்தக் காலில் நடக்கக்கூடிய ஒரு பெண்மணியை, "உங்களை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனால்தான் எங்களுக்கு நல்ல பெயர் கிடைக்கும்" என்று சொல்லி அதில் அமர்த்துவதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. இன்னொருவர், கனடாப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முழு அருவியும் தெரியும் என்றும், அங்கே அழைத்துப் போகாதது கஞ்சத்தனம் என்றும் எழுதியிருந்தார். காட்சி அங்கேதான் சிறப்பு என்பதை யார் மறுத்தார்கள்? ஆனால் அமெரிக்கச் சுற்றுலா விசாவில் வந்திருக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் இரு நாடுகளையும் இணைக்கும் ரெயின்போ பாலத்தைக் கடக்கக் கனடா நாட்டின் விசாவைத் தனியாகப் பெற வேண்டும். பணத்தை நீட்டிவிட்டு நடந்து போய்விடக்கூடிய பாலம் இல்லை அது. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் என் பணப்பையின் கனத்தை எடைபோட்டவருக்கு வேறென்ன சொல்வது?

எங்கள் கார் பயணத்தைப் பற்றியும் ஏளனம் வந்தது. விமானத்தில் போயிருக்கலாமாம். நாங்கள் வசிக்கும் மத்திய நியூ ஜெர்சியிலிருந்து நயாகராவுக்கு ஏறக்குறைய நானூறு மைல். குழந்தைகள் இல்லாதவர்கள் ஏழு மணி நேரத்தில் போய்விடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வழியில் வரும் ஸ்கிரான்டன் நகரைத் தாண்டுவதற்குள்ளேயே இரண்டு முறை டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும். நியூ ஜெர்சிச் சட்டப்படி எட்டு வயதும் 57 அங்குல உயரமும் எட்டாத குழந்தைக்கு அதற்குரிய இருக்கை கட்டாயம். கைக்குழந்தையின் இருக்கையோ பின்நோக்கி இருக்க வேண்டும். இப்படி இரண்டு இருக்கைகளைப் பொருத்திய பிறகு சாதாரண காரின் பின்வரிசையில் மிஞ்சும் இடத்தில் ஒரு பெரியவர் உட்காருவது தண்டனை. அதனால் ஏழு பேர் உட்காரும் வண்டியை வாடகைக்கு எடுத்தோம். கால் நீட்டிக்கொள்ள வசதியாக அம்மா முன்னிருக்கையில் அமர்ந்தார். அப்பா நடுவரிசையில் பேரன் அருகே. கடைசி வரிசையில், பெட்டிகளுக்கும் புளியோதரைத் தூக்குக்கும் மின்குக்கருக்கும் இடையே முழங்காலை மடித்துக்கொண்டு பேத்தியோடு போனவள் நான். யார் யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்று கணக்கெடுக்கும் நீதிமான்கள் அந்த வரிசையையும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

இங்கே வந்திருக்கும் பெற்றோரை ஈரப்படிக்கட்டுகளில் ஏற்றி இறக்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைத் தன் பெற்றோரை அழைத்துவந்த எவரும் சொல்வார்கள். அவர்களுக்கு இங்கே அரசின் மருத்துவக் காப்பீடு கிடையாது. நாம் வாங்கிக் கொடுக்கும் பயணிகள் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள் அல்லது ஏதேனும் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஒரு சறுக்கல், ஓர் எலும்பு முறிவு, அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவு என்றால் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு கரைந்துபோகும். அதைவிட, அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அவர் ஊர் திரும்பும் விமானத்தில் எப்படி உட்காருவார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மரப்பாலங்களில் ஏறி அருவிக்கு அருகே போகும் 'கேவ் ஆஃப் தி விண்ட்ஸ்' பக்கமே நாங்கள் போகாததற்கு இதுதான் காரணம். அங்கே 'சூறாவளித் தளம்' என்று ஓர் இடம் இருக்கிறது. 42 அங்குல உயரம் இல்லாத குழந்தைகளை அதில் விடுவதில்லை. பெரியவர்களுக்கு அப்படி ஓர் அளவுகோல் இல்லை, அதை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தானே அழைத்து வருகிறீர்கள், காப்பகக் கட்டணம் மிச்சம்" என்று எழுதியவருக்கு: அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் இவர் பெற்றோர், அடுத்த ஆறு மாதம் அவர் பெற்றோர் என்று அட்டவணை போட்டு அழைப்பவர்களை நானும் அறிவேன். நான் அந்த ஆள் இல்லை. என் இரு குழந்தைகளும் அம்மா வந்த பிறகும் காப்பகத்துக்குத்தான் போய்வருகிறார்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

அம்மாவுக்கு நயாகரா பிடித்ததா என்று யாருமே கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவருக்காக இரக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் அவருடைய கருத்து தேவைப்படவில்லை. நான் சொல்கிறேன். டெர்ராபின் முனையில் நின்று, அந்தப் பச்சைத் தண்ணீர் வளைந்து விழுவதை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "தண்ணீர் எல்லாம் சரிதான், ஆனால் தலையைக் கொடுக்க முடியாதாமே, குளிக்க முடியாத அருவி என்ன அருவி?" என்றார். தென்காசிக்காரர் வேறு எப்படிச் சொல்வார்? அதைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பில், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் குடும்பமே திரும்பிப் பார்த்தது.

தென்காசி என்றதும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று நினைவுக்கு வருகிறது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகாத வருடம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. பெரியப்பா வீடு, அத்தை வீடு, எங்கள் வீடு எல்லாம் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போவோம். ஐந்தருவியிலோ பேரருவியிலோ நாங்கள் சிறுவர் பட்டாளம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு விழுந்து கிடக்கும்போது, மேலே ஒரு கல்லில் எல்லோருடைய உடுப்புகளையும், கைக்கடிகாரங்களையும், சங்கிலிகளையும், சாப்பாட்டு அடுக்குகளையும் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு, குரங்குகளைக் கம்பால் விரட்டியபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலான வருடங்களில் அது என் அம்மா. அருவிக்குப் போகும் எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இல்லாமல் முடியாது. அதை யாரும் கொடுமை என்று சொல்லவில்லை. எங்கள் குளியல் முடிந்ததும் என் பெரியம்மா அந்தக் கல்லில் உட்கார, அம்மா குளிக்கப் போவார். முறை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். டெர்ராபின் முனையில் நான் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்க, அம்மா கம்பியருகே போய் நின்றதும் அதே முறைமாற்றம்தான்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் படத்தை வெட்டியெடுத்து இட்டவர் யாரோ முகம் தெரியாதவர் அல்லர். அவர் யார் என்பது என் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் பலருக்குத் தெரியும், ஆகவே மூடி மறைப்பதில் பொருளில்லை. என் பெரியப்பா மகன். அந்தக் கல்லில் அமர்ந்து என் அம்மா காவல் காத்த துணிகளில் அண்ணனுடைய கால்சட்டையும் இருந்தது. ஒருமுறை அதைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓடியபோது சித்தி சித்தி என்று அழுததும், என் அம்மா தன் துண்டை அவர் இடுப்பில் கட்டிவிட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று உட்கார்ந்திருந்த சித்தி அண்ணன் கண்ணுக்குத் தியாகியாகவும் தெரியவில்லை, அனாதையாகவும் தெரியவில்லை. இன்று கடல் கடந்து, மகள் வீட்டுக்கு வந்து, பேரன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அனாதையாகிவிட்டார்.

நடுநிலையாளர்கள் சிலர், "அவர் அக்கறையில் சொன்னதை ஏன் இப்படி எடுத்துக்கொள்கிறாய்" என்கிறார்கள். அக்கறை இருப்பவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டிருப்பார். அம்மாவின் முகம் தெரியும் படத்தைப் பொதுவெளியில் போட்டு, இருநூறு பேர் கண்ணீர்ப் பொம்மை இடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பெற்றோரை வைத்துப் பார்ப்பதில் ஊரில் இருப்பவர்கள் உத்தமர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் பாவிகள் என்ற அந்தத் தீர்ப்பை எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! ஊர்ப்பக்கம் வந்தால் "எப்போது திரும்பிப் போகிறாய்" என்பதும், அம்மாவை இங்கே அழைத்தால் "ஏன் அழைத்தாய்" என்பதும், அழைக்காவிட்டால் "ஏன் அழைக்கவில்லை" என்பதும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன.

அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெரியம்மா தென்காசியிலேயே இருக்கிறார். குற்றாலம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். விசா வேண்டாம், பாலம் கடக்க வேண்டாம், நானூறு மைல் வண்டி ஓட்ட வேண்டாம். போன மாதம் அம்மாவிடம் பேசும்போது பெரியம்மா, தான் பேரருவியைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன, வாசலோடு போகும் பேருந்தின் பெயர்ப்பலகையில் மட்டும் பார்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இப்போது சாரல் நன்றாக இருப்பதாகக் கேள்வி. வார இறுதியில் கூட்டம் தாங்காது. ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ காலையிலேயே கிளம்பினால் பெண்கள் பக்கத்தில் அவர் நிதானமாக நின்று குளிக்கலாம். துணிமணியை வைத்துக்கொண்டு அண்ணன் மேலே உட்காரட்டும். யாரும் படமெடுத்துப் போட மாட்டோம்.